அக்காவுக்கா, தம்பிக்கா அரியணை?

போன இதழில் "ஐரோப்பாவில் அடுத்து அரசியாகப் போகிறவர்கள் யார்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நான் சில வரிகளில் பதில் எழுதி, சுவீடனின் விக்டோரியா தன் தம்பியைத் தாண்டி முடிக்குரியவரானவர் என்று போகிற போக்கில் ஒரு வாக்கியம் சேர்த்திருந்தேன். அந்த வாக்கியத்துக்குத்தான் அட்டனில் இருந்தும் பதுளைப் பக்கமிருந்தும் இவ்வளவு கடிதங்கள். இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே விடுகிறேன். பலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

உயர்தர மாணவி, வட்டவளை
கேள்வி: தம்பியைத் தாண்டி என்றால் என்ன நடந்தது? தம்பி விட்டுக்கொடுத்தாரா, இல்லை பறித்துக் கொடுத்தார்களா?

பதில்: தங்கச்சி, அப்போது அந்தத் தம்பிக்கு ஏழு மாதம். விட்டுக்கொடுக்கிற வயதில்லை. நடந்ததை முதலில் இருந்து சொல்கிறேன், ஏனென்றால் இதைத் துண்டு துண்டாகக் கேட்டால்தான் "பறித்தார்கள்" என்று தோன்றும்.

விக்டோரியா 1977 ஜூலை 14இல் பிறந்தார். அப்பா மன்னர் 16ஆம் கார்ல் குஸ்தாவ், அம்மா அரசி சில்வியா. தலைப்பிள்ளை. ஆனால் அன்று இருந்த சட்டப்படி சுவீடனில் பெண்ணுக்கு அரியணை உரிமையே கிடையாது. தம்பி இருந்தால் பிந்திப் போவார் என்பது இல்லை, தம்பியே இல்லாவிட்டாலும் அவருக்கு இல்லை. அதனால் விக்டோரியா பிறந்த பிறகும் அரியணைக்கு அடுத்தவராக இருந்தவர் மன்னரின் சித்தப்பா, அறுபதைத் தாண்டிய இளவரசர் பெர்ட்டில். தொட்டிலில் மன்னரின் சொந்த மகள் இருக்கிறாள், வாரிசு சித்தப்பா!

இந்த நிலையை மாற்றும் வேலை பாராளுமன்றத்தில் தம்பி பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது. சுவீடனில் அரசியலமைப்போடு சேர்ந்த சட்டம் ஒன்றை மாற்றுவதென்றால் பாராளுமன்றம் ஒருமுறை முடிவெடுத்து, நடுவில் ஒரு பொதுத்தேர்தல் நடந்து, புதிதாக வந்த பாராளுமன்றமும் அதே முடிவை மறுபடி எடுக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான், 1979 மே 13இல், கார்ல் பிலிப் பிறந்தார். பழைய சட்டம் இன்னும் உயிரோடு இருந்ததால் பிறந்த கணமே முடிக்குரிய இளவரசர் ஆனார். அந்த வருடம் செப்டெம்பரில் தேர்தல் நடந்தது, புதிய பாராளுமன்றமும் ஆம் என்றது. 1980 ஜனவரி 1 முதல் ஆணோ பெண்ணோ தலைப்பிள்ளைக்குத்தான் அரியணை என்றாகி, இரண்டரை வயது விக்டோரியா முடிக்குரிய இளவரசி ஆனார். ஆண் பெண் பேதமே இல்லாமல் தலைப்பிள்ளை என்று எழுதி வைத்த முதல் முடியரசு சுவீடன்தான்.

பொது அறிவுப் போட்டிக்கு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: 1979 தம்பி பிறப்பு, 1980 சட்ட மாற்றம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், பண்டாரவளை
கேள்வி: சட்டத்தை மாற்றுவது சரி. ஆனால் பிறந்த பிள்ளைக்குக் கொடுத்ததைப் பிறகு எடுப்பது நியாயமா? இனிப் பிறப்பவர்களுக்கு என்று வைத்திருக்கலாமே?

பதில்: ஐயா, நீங்கள் கேட்டதையேதான் மன்னரும் கேட்டார். மகள் வருவதில் தனக்கு மறுப்பில்லை, பின்னோக்கிச் செல்லும்படி சட்டம் எழுதுவதுதான் பிடிக்கவில்லை என்பது அவர் நிலைப்பாடு. அதை அவர் ஒளித்ததும் இல்லை. 2023 தொடக்கத்தில் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படத்தில் அவர் மறுபடி அப்படிப் பேசியது பெரிய சர்ச்சையாகி, விக்டோரியாவுக்குத் தன் ஆதரவு இல்லை என்று ஊரார் சொல்வது மனதை நோகடிக்கிறது என்று அவர் அறிக்கை விட வேண்டி வந்தது.

நோர்வே நீங்கள் சொன்ன வழியில் போனது. 1990இல் சட்டத்தை மாற்றினார்கள், ஆனால் ஏற்கனவே பிறந்தவர்களைத் தொடவில்லை. அதனால் 1971இல் பிறந்த அக்கா மார்த்தா லூயிஸ் பின்னாலும், 1973இல் பிறந்த தம்பி ஹாகோன் முன்னாலும் நிற்கிறார்கள். ஹாகோனின் மகள் இங்க்ரிட் அலெக்ஸாண்ட்ரா, 2004இல் பிறந்தவர், புதிய சட்டத்தின் பலனை அனுபவிக்கிறார். சட்டம் மாறியபோது ஹாகோனுக்குப் பதினாறு வயது, வாரிசு என்று சொல்லியே வளர்த்த பிள்ளை, அவரிடம் எடுத்திருந்தால் அது காயம்தான். அந்த வாதம் எனக்குப் புரிகிறது.

ஆனால் ஏழு மாதக் குழந்தை விஷயத்தில் நான் உங்களோடு உடன்படவில்லை ஐயா. கார்ல் பிலிப்புக்குக் கிடைத்தது பழைய சட்டம் செத்துக்கொண்டிருந்தபோது கிடைத்த பட்டம். அவர் அதை அறியவில்லை, அதற்காக வளர்க்கப்படவும் இல்லை. அதைக் காப்பாற்றுவதற்காக அக்காவை ஒதுக்குவதென்றால், சட்டம் மாறியும் அந்தத் தலைமுறையில் எதுவும் மாறியிருக்காது. நியாயத்தை எப்போதும் அடுத்த தலைமுறைக்கே தள்ளிவைத்தால் இருக்கிற பெண்பிள்ளைக்கு யார் பதில் சொல்வது?

வாசகி, தலவாக்கலை
கேள்வி: விக்டோரியாவுக்குக் கிடைத்தது, சரி. அவருடைய அத்தைமார் இருந்தார்களா? அவர்களுக்கு ஏன் ஒன்றும் கிடைக்கவில்லை?

பதில்: கடிதக் கட்டிலேயே எனக்குப் பிடித்த கேள்வி இது. எல்லோரும் விக்டோரியாவைப் பற்றிக் கேட்கிறார்கள், அந்த அத்தைமாரை யாரும் நினைப்பதில்லை.

இன்றைய மன்னருக்கு நான்கு அக்காமார்: மார்கரேத்தா, பிர்கித்தா, தேசிரே, கிறிஸ்டினா. மூத்தவர் 1934இல் பிறந்தவர், மன்னரோ கடைக்குட்டி, 1946 ஏப்ரல் 30இல் பிறந்தவர். 1947 ஜனவரியில் அவர்களுடைய அப்பா இளவரசர் குஸ்தாவ் அடோல்ஃப் கோபன்ஹேகன் விமான நிலையத்தில் நடந்த விபத்தில் இறந்துபோனார். மிச்சம் நான்கு பெண்பிள்ளைகளும் ஒன்பது மாத ஆண்குழந்தையும். அந்தக் குழந்தை நான்கு வயதில் முடிக்குரிய இளவரசர் ஆனது, 1973 செப்டெம்பரில் தாத்தா இறந்தபோது இருபத்தேழு வயதில் மன்னரும் ஆனது.

அப்போது அந்த நாட்டின் நிலை என்ன தெரியுமா? புதிய மன்னருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவருக்கு ஏதாவது நடந்தால் அரியணைக்கு உரிமையுள்ளவர் ஒரே ஒருவர், நான் மேலே சொன்ன சித்தப்பா பெர்ட்டில். மற்ற ஆண்கள்? பெர்ட்டிலின் அண்ணன் சிக்வார்டும் தம்பி கார்ல் யோஹானும் சாதாரணக் குடும்பத்துப் பெண்களைக் கட்டியதற்காக உரிமையை இழந்தவர்கள். அன்றைய சட்டம் அப்படி. பெர்ட்டிலும் லிலியன் என்ற வேல்ஸ் நாட்டுப் பெண்ணை விரும்பினார். 1943இல் லண்டனில் சந்தித்தார்கள். கட்டினால் உரிமை போய்விடும், சின்ன வயது வாரிசுக்குத் துணை நிற்க ஆள் இல்லாமல் போகும் என்று முப்பது வருடத்துக்கு மேல் காத்திருந்து, அண்ணன் மகனான மன்னர் கல்யாணம் செய்துகொண்ட பிறகு, 1976 டிசெம்பரில்தான் அவர்கள் கட்டினார்கள். அதற்குள் பிள்ளை பெறுகிற வயது லிலியனுக்குக் கடந்துவிட்டது.

நான்கு அக்காமார் ஆரோக்கியமாக, படித்தவர்களாக, கண் முன்னால் இருந்தார்கள். ஒரு ராஜ்ஜியம் வாரிசு இல்லாமல் போய்விடுமோ என்று பயந்துகொண்டு, ஒரு மனிதனையும் ஒரு பெண்ணையும் வாழ்நாளில் பாதிவரை காத்திருக்க வைத்தது, ஆனால் அந்த நால்வரில் ஒருவரைக் கூப்பிடத் தோன்றவில்லை. 1980இல் சட்டம் மாறியபோதும் இன்றைய மன்னரின் வழிவந்தவர்களுக்கு மட்டும்தான் உரிமை என்று எழுதினார்கள். பெர்ட்டிலுக்குத் தனியாக ஒரு விலக்குக் கொடுத்துக் கடைசி இடத்தில் வைத்தார்கள். அக்காமாருக்கு அதுவும் இல்லை.

தாய், மஸ்கெலியா
கேள்வி: விக்டோரியாவுக்குச் சாப்பாடு சம்பந்தப்பட்ட ஒரு நோய் இருந்ததாக மகள் சொல்கிறாள். உண்மையா? கேட்கக் காரணம் இருக்கிறது, மகளே இப்போது சரியாகச் சாப்பிடுவதில்லை.

பதில்: உண்மைதான் அக்கா. 1997 இலையுதிர் காலத்தில் அரண்மனையே அதை வெளியில் சொன்னது. அப்போது அவருக்கு இருபது வயது. உடம்பு மெலிந்து படங்களில் தெரிய ஆரம்பித்து, பத்திரிகைகள் ஆளுக்கொன்று எழுதிக்கொண்டிருந்த நேரம். மறைக்காமல் சொன்னார்கள், அவரை அந்த வெளிச்சத்தில் இருந்து எடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள், அங்கே சிகிச்சையும் கிடைத்தது, யேல் பல்கலைக்கழகத்தில் படிப்பும் நடந்தது. பிற்காலத்தில் தானே அதைப் பற்றித் திறந்து பேசியிருக்கிறார். வாசிப்பதில் சிரமம் தரும் டிஸ்லெக்ஸியாவும் அவருக்கு உண்டு, அப்பாவுக்கும் தம்பிக்கும்கூட. அதையும் அந்தக் குடும்பம் ஒளிக்கவில்லை.

மகள் விஷயம். இது பிடிவாதம் இல்லை, கொழுப்பும் இல்லை, திட்டியும் கெஞ்சியும் ஊட்டியும் மாறுகிற விஷயமும் இல்லை. எடை இறங்கிக்கொண்டே போவது, மாதவிடாய் நின்றுபோவது, தலைசுற்றி விழுவது, சாப்பிட்டதும் போய் வாந்தி எடுப்பது, இதில் ஒன்று இருந்தாலும் பரீட்சை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மனநல கிளினிக் இலவசமாக நடக்கிறது. பக்கத்து டிஸ்பென்சரியில் கேட்டால் எந்த ஆஸ்பத்திரி, எந்த நாள் என்று சொல்வார்கள். லயத்தில் யார் என்ன சொல்வார்கள் என்பது உங்கள் கவலையாக இருக்கும் என்று கடிதத்திலேயே தெரிகிறது. ஒரு நாட்டின் அரண்மனையே ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுப் பிள்ளையைச் சிகிச்சைக்கு அனுப்பியது அக்கா. அந்தப் பிள்ளை இன்று மன்னர் வெளிநாடு போனால் அவர் இடத்தில் இருந்து நாட்டுக் கடமைகளைப் பார்க்கிறவர். போய் வந்து எனக்கு எழுதுங்கள்.

இளைஞர், ஹாலி எல
கேள்வி: அவர் தன் ஜிம் மாஸ்டரைக் கட்டினாராமே?

பதில்: ஆமாம் தம்பி. டேனியல் வெஸ்ட்லிங், ஒக்கெல்போ என்ற சிறிய ஊர்ப் பையன், உடற்பயிற்சி நிலையம் நடத்தியவர். 2009 பெப்ரவரியில் நிச்சயம். மே மாதம் அவருக்குச் சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை, சிறுநீரகம் கொடுத்தவர் அவருடைய அப்பா. 2010 ஜூன் 19இல் கல்யாணம். அரசாங்கத்தின் சம்மதம் வேண்டும் என்ற விதி அங்கே இன்னும் இருக்கிறது, அது கிடைத்தது. பெர்ட்டில் முப்பது வருடம் காத்திருந்த அதே வீடுதான். மகள் எஸ்டெல் 2012இல், மகன் ஆஸ்கர் 2016இல். எஸ்டெல்தான் அம்மாவுக்கு அடுத்த வாரிசு, தம்பி வந்ததால் அவருக்கு எதுவும் மாறவில்லை.

வாசகர், கட்டுகஸ்தோட்டை
கேள்வி: 2024 ஜனவரியில் இளவரசி ஆன் கண்டிக்கு வந்து தலதா மாளிகைக்குப் போனார். இங்கிலாந்து அரசருக்கு அடுத்துப் பிறந்தவர் அவர். ஆனால் வரிசையில் எங்கேயோ பின்னால் இருக்கிறாரே?

பதில்: 1950இல் பிறந்தவர் என்பதால். பிரித்தானியாவில் பழைய முறை, மகனுக்கு முதலில், மகன் இல்லாவிட்டால் மகளுக்கு. 1952இல் அம்மா அரசியானபோது ஆன் அண்ணன் சார்ல்ஸுக்கு அடுத்து இரண்டாம் இடத்தில் இருந்தார். பிறகு ஆண்ட்ரூ, பிறகு எட்வர்ட் என்று தம்பிமார் பிறக்கப் பிறக்கப் பின்னால் தள்ளப்பட்டார், அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் முன்னால் வந்துவிட்டார்கள். 2013இல் சட்டம் மாறியது, ஆனால் 2011 ஒக்டோபர் 28க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு மட்டும். அதனால் 2015இல் பிறந்த குட்டி சார்லட்டைத் தம்பி லூயி தாண்ட முடியவில்லை, ஆனுக்கு எதுவும் இல்லை. அந்த மாற்றத்துக்கு அந்த முடியை ஏற்றுக்கொண்டிருந்த பதினாறு நாடுகளும் இணங்க வேண்டியிருந்தது. நாமும் 1972வரை அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள்தான், ஆனின் அம்மா எலிசபெத் அதுவரை இலங்கையின் அரசியும்கூட.

மாணவர், இராகலை
கேள்வி: இன்னும் பெண்களைப் பின்னால் வைத்திருக்கிற நாடுகள் ஐரோப்பாவில் உண்டா?

பதில்: உண்டு. லிக்டென்ஸ்டைனில் ஆண்களுக்கு மட்டும்தான். மொனாக்கோவில் 2014 டிசெம்பர் 10இல் இரட்டைப்பிள்ளைகள் பிறந்தார்கள், முதலில் வந்தது கப்ரியெல்லா, ஆனால் வாரிசு அவளுக்குப் பின்னால் வந்த ஜாக். ஸ்பெயினில் இன்னும் மகனுக்குத்தான் முதலிடம். லியோனோர் வாரிசாக இருப்பது அவருக்குத் தம்பி இல்லாததால், 2023 ஒக்டோபர் 31இல் பதினெட்டு வயதானதும் அரசியலமைப்பின்மேல் சத்தியம் செய்தார். நெதர்லாந்து 1983இலும் பெல்ஜியம் 1991இலும் மாற்றிக்கொண்டன. பெல்ஜியத்தின் எலிசபெத்துக்கு இரண்டு தம்பிமார் இருந்தும் அவர்தான் வாரிசு, அந்த நாட்டின் முதல் ஆளும் அரசியாகப் போகிறவர். டென்மார்க் 2009இல் மக்களிடமே வாக்கெடுப்பு வைத்து மாற்றியது.

வாசகி, கண்டி
கேள்வி: ஐரோப்பாவை விடுங்கள். நம் கண்டி ராஜ்ஜியத்தில் பெண்ணுக்கு உரிமை இருந்ததா?

பதில்: உரிமை பெண் வழியாக வந்திருக்கிறது, ஆட்சி பெண்ணின் கைக்கு வரவில்லை. குசுமாசன தேவியின் கதையைப் பாருங்கள். கண்டி மன்னன் கரலியத்தை பண்டாரவின் மகள். சீதாவாக்கை ராஜசிங்கன் படையெடுத்தபோது தகப்பன் தப்பியோடி அம்மையில் இறந்தான், குழந்தை போர்த்துக்கேயர் கையில் சிக்கி, ஞானஸ்நானம் பெற்று, தோனா கத்தரினா என்ற பெயரில் வளர்ந்தது. 1594இல் அவளை அரசியாக உட்கார வைக்கப் போர்த்துக்கேயர் பெரிய படையோடு கண்டிக்கு வந்தார்கள். அவள் உரிமையில் யாருக்கும் சந்தேகம் இல்லை, அந்நியரின் கையில் இருக்கிறாள் என்பதுதான் மக்களுக்குப் பொறுக்கவில்லை. தந்துறையில் அந்தப் படை அழிந்தது. வென்ற விமலதர்மசூரியன் அவளை மணந்து, அந்த மணத்தால் தன் முடிக்கு உரிமை தேடிக்கொண்டான். 1604இல் அவன் இறந்ததும் அடுத்து வந்த செனரத்தும் அவளையே மணந்தான். செனரத்துக்கும் அவளுக்கும் பிறந்தவன்தான் இரண்டாம் ராஜசிங்கன். இரண்டு மன்னர்களுக்கு முடியைக் கொடுத்த பெண். அவள் விருப்பத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

நாயக்கர் வந்ததும் பெண் வழியாகத்தான். 1739இல் நரேந்திரசிங்கன் பட்டத்தரசிக்குப் பிள்ளை இல்லாமல் இறந்தான். வேறு மனைவியின் மகன் இருந்தும் அவனை ஏற்கவில்லை, மதுரைப் பக்கத்தில் இருந்து வந்த அரசியின் சகோதரன் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரில் முடிசூடினான். அந்த வம்சத்தின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் 1815இல் பிடிபட்டு, வேலூர்ச் சிறையில் 1832இல் இறந்தான். ஆக கண்டியில் அரசியின் தம்பிக்கு முடி கிடைத்தது, அரசிக்குக் கிடைக்கவில்லை.

வாசகர், கொட்டகலை
கேள்வி: விக்டோரியா அரசியானால் என்ன அதிகாரம் இருக்கும்? ஒன்றும் இல்லையென்றால் ஏன் இவ்வளவு சண்டை?

பதில்: ஆட்சி அதிகாரம் எதுவும் இல்லை. 1975இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு மன்னரிடம் இருந்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டது. பிரதமரை நியமிப்பதுகூட மன்னர் இல்லை, சபாநாயகர் கையில்தான் அந்த வேலை. பாராளுமன்றக் கூட்டத்தொடரைத் திறந்துவைப்பது, வெளிநாட்டுத் தூதுவர்களை வரவேற்பது போன்றவைதான் மிச்சம். அதிகாரமே இல்லாத பதவிக்கு ஏன் இவ்வளவு சண்டை என்று கேட்டிருக்கிறீர்கள். அதிகாரம் இல்லாத இடத்தில்கூடப் பெண்ணுக்கு முதலிடம் கொடுக்க மனம் வராவிட்டால், அதிகாரம் உள்ள இடத்தில் எப்படி வரும்?

வாசகி, வெலிமடை
கேள்வி: அப்பாவுக்கு அரசாங்கம் உத்தரவுப்பத்திரத்தில் கொடுத்த காணி. நான் மூத்தவள், எனக்குப் பின்னால் ஒரு தம்பி. அப்பா போன பிறகு "சட்டப்படி தம்பிக்குத்தான்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். உங்கள் சுவீடன் சட்டம் எங்களுக்கு உதவுமா?

பதில்: தங்கச்சி, அவர்கள் சொல்வது பழைய சட்டம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் பின்னுரித்தாளர், அதாவது காணிக்காரருக்குப் பிறகு காணி சேர வேண்டியவர், யாரும் பெயரிடப்படாவிட்டால் மகன்மாருக்கு முதலிடம் என்று ஒரு வரிசை இருந்தது. பல குடும்பங்களில் மூத்த பெண்பிள்ளைகள் வெறுங்கையோடு நின்றது அதனால்தான். 2022இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி ஆணுக்கு இருந்த முன்னுரிமையை எடுத்துவிட்டார்கள்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது அப்பா யாரையாவது பின்னுரித்தாளராகப் பெயரிட்டுப் பதிந்திருக்கிறாரா என்பது. பதிந்திருந்தால் அதுதான் முன்னுக்கு நிற்கும். அம்மா உயிரோடு இருந்தால் அவருடைய சீவியகாலம்வரை காணியை வைத்திருக்கும் உரிமை அவருக்கு உண்டு, அதை யாரும் அவசரப்பட்டு எழுதி வாங்க விடாதீர்கள். பெயரிடப்படாவிட்டால், அப்பா இறந்த திகதிக்குப் பழைய வரிசை பொருந்துமா, திருத்தம் பொருந்துமா என்று பிரதேச செயலகத்தில் காணி உத்தியோகத்தரிடம் நேராகக் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். உத்தரவுப்பத்திரம், அப்பாவின் மரணச் சான்றிதழ், உங்கள் எல்லோருடைய பிறப்புச் சான்றிதழ்கள், மூன்றையும் பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். தம்பியையும் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.